வெள்ளிமலைச் சாப்பாட்டுக் கடைக்கு நான் கொடுத்த ஒற்றை நட்சத்திரம்

கடையில் சாப்பிட்ட கை காய்வதற்குள் செல்லில் மேப்பைத் திறந்து கருத்து எழுதிவிடுகிற ஆள் நான். விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாரம் முழுக்க அடுத்தவர் எழுதியதையே நகலெடுத்துக் கொடுப்பதால், ஞாயிற்றுக்கிழமையாவது சொந்தமாக நாலு வரி எழுதாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. "ஒன்கிட்ட மாட்டுன ஓட்டல்காரன் கெட்டான்" என்பார் என் கணவர். அவர் வைக்கும் ரசத்துக்கே நான் மூன்று நட்சத்திரத்துக்கு மேல் கொடுத்ததில்லை.

போன மார்கழியில் கல்வராயன் மலைக்குத் தனியாக அருவி பார்க்கப் போயிருந்தேன். திரும்பும்போது மணி ஒன்றே முக்கால். வெள்ளிமலை பஸ் நிறுத்தத்திலிருந்து அருவிக்குப் போகிற சாலையில் இரண்டு கிலோமீட்டரில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. ஓட்டுக் கூரை, நான்கு பெஞ்சு, பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே பலகைமேல் வரிசையாக எவர்சில்வர் தூக்குவாளிகள். மூடி சரியாக உட்காராத ஒன்றிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. "சோறு தீந்துடிச்சிங்க" என்றார் கடைக்கார அம்மா. அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். எனக்குப் பதினொன்றாவதாக மூளையும் பறந்துவிட்டது. வாசலில் நின்றே அந்த வாளி வரிசையைப் படமெடுத்தேன். "பாத்திரம் பாத்திரமாகச் சோறு இருக்கிறது. ஆனால் ஆளைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். தனியாக வரும் பெண்ணுக்கு இல்லை என்கிறார்கள்" என்று எழுதி, ஒற்றை நட்சத்திரம் போட்டு, நிறுத்தத்தில் சிக்னல் கிடைத்ததும் அனுப்பிவிட்டேன். அதற்கப்புறம்தான் பிஸ்கட் வாங்கித் தின்றேன்.

அந்தக் கடைக்கு அதற்கு முன்னால் வந்திருந்த கருத்துகளையும் சொல்லவேண்டும். "சாமைச் சோறு அருமை, மழை பெய்தது, மூன்று நட்சத்திரம்" என்று ஒருவர். கடைக்காரர் மழைக்கு என்ன செய்வார்? "பொங்கலன்று போனோம், பூட்டியிருந்தது" என்று இன்னொருவர் ஒற்றை நட்சத்திரம். கார் நிறுத்த இடமில்லை என்று ஒரு குறை. மொச்சைக் குழம்புக்காகவே மறுபடி வருவேன் என்று ஒரு நல்ல மனிதர். இவற்றுக்கு மேலே என்னுடையது போய் உட்கார்ந்துகொண்டது. இருபத்தாறு பேர் அதற்குக் கீழே "பயனுள்ளது" என்பதை அழுத்தியிருந்தார்கள். "இந்த அக்கா எழுதியதைப் படித்துவிட்டு நாங்கள் அங்கே போகவே இல்லை" என்று எழுதி, போகாத கடைக்கும் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தார். உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

தை முடியும்போது கடைத் தரப்பிலிருந்து ஒரு பதில் வந்தது. "மன்னிக்கவும் அக்கா. இனிமேல் யாருக்கும் எடுத்து வைக்க மாட்டோம். முதலில் வருபவர்களுக்கே சோறு. அவசியம் வாங்க."

ஜெயித்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் "எடுத்து வைக்க மாட்டோம்" என்ற சொல் முள் மாதிரி உள்ளே போய்விட்டது. யாருக்கு எடுத்து வைத்தார்கள்? நகலெடுக்கும்போது தாளைத் தலைகீழாக வைத்தேன். ஆதார் கேட்டவருக்கு அடுத்தவர் ரேஷன் கார்டைக் கொடுத்தேன். "போய்ப் பாத்துட்டுத்தான் வாயேன், கடையில வியாபாரமாவது ஒழுங்கா நடக்கும்" என்றார் கணவர். மாசி இரண்டாம் ஞாயிறு கிளம்பிவிட்டேன்.

விழுப்புரத்தில் காலை 5.40க்குக் கள்ளக்குறிச்சி பஸ், டிக்கெட் எழுபது ரூபாய். எலவனாசூர்கோட்டையில் டீக்கு ஐந்து நிமிடம் என்று நிறுத்தினார்கள். பதினெட்டு நிமிடம் ஆனது. நான் இறங்கவில்லை, உட்காரவும் முடியவில்லை, படிக்கட்டில் நின்று நடத்துநரையே முறைத்துக்கொண்டிருந்தேன். "இன்னாம்மா, பிரசவ கேஸா?" என்று கேட்டார். கள்ளக்குறிச்சி வந்தபோது 8.05. வெள்ளிமலை போகும் 8 மணி பஸ் அப்போதுதான் போயிருந்தது. அடுத்தது 9.30. ஒன்றரை மணி நேரம் பஸ் நிலையத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தைந்து. வடக்கனந்தல் வரை கரும்பும் நெல்லும். மலை ஏற ஆரம்பித்ததும் காற்று குளிர்ந்துவிடும். குமட்டல் உள்ளவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள். மலைப்பாதை அழகு பற்றி இன்னும் எழுதலாம், ஆனால் அன்று நான் எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. செல்லைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பாதி மலையில் சிக்னலும் போனது.

வெள்ளிமலையில் இறங்கியபோது 11.25. அருவிக்குப் போகிற ஷேர் ஜீப் ஆளுக்கு முப்பது ரூபாய். ஓட்டுநர் பெயர் ஏழுமலை. சாப்பாட்டுக் கடையில் இறக்கிவிடச் சொன்னேன்.

"மல்லிகாக்கா கடைக்கா? இப்ப போங்க, தாராளமா கெடைக்கும். முன்ன மாதிரி கெடையாது" என்றார்.

"முன்ன என்ன?"

"முன்ன தூக்குக்காரங்களுக்கு எடுத்து வெச்சிக்கினு, நம்ம கூட்டியாற ஆளுங்களுக்கு இல்லன்னுடும். யாரோ ஒரு அம்மா நெட்ல ஒரு ஸ்டாரு போட்டு நாறடிச்சிடுச்சி. வண்டில வர்றவங்கலாம் அந்தக் கடை வோணாம்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. நான்தான் அக்காவாண்ட பேசி மாத்தினேன். பதிலுகூட என் செல்லுலதான் போட்டேன்."

அந்த யாரோ ஒரு அம்மா, அவர் பக்கத்து இருக்கையில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூக்குக்காரர்கள் யார் என்று அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கடையில் நல்ல கூட்டம். கார்காரர்கள், பைக்கில் வந்த பையன்கள். 12.30க்கு எனக்கு இடம் கிடைத்தது. சாப்பாடு எண்பது ரூபாய்: சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, கொள்ளு ரசம், மோர். இந்தக் குழம்பைப் பற்றி எழுதிய அந்த நல்ல மனிதர் ஒரு சொல்கூட மிகையாகச் சொல்லவில்லை. மல்லிகா கேட்டுக் கேட்டுப் போட்டார். இரண்டாம் முறை சோறு வாங்கினேன். ரசத்துக்கென்று மூன்றாம் முறையும் கொஞ்சம். பலகைமேல் ஒரு வாளிகூட இல்லை. தட்டிக்கேட்டால்தான் எதுவும் நடக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாப்பிட்டு முடித்து, அருவிவரை நடந்து போய், கீழே போகிற ஜீப்புக்காக மறுபடி அந்தக் கடை பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்தேன். ஐந்து நட்சத்திரக் கருத்தைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன்.

2.40க்கு ஒரு மினி லாரி வந்து நின்றது. பின்னால் மரவள்ளிக் கிழங்கு மூட்டைகள், அவற்றின்மேல் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் பெண்கள். தலைமுடியிலும் புருவத்திலும் செம்மண். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தூக்குவாளி. முன்னால் வந்தவரின் வாளிக் கைப்பிடியில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. அந்த வாளியை எனக்குத் தெரியும். என் படத்தில் ஆவி வந்துகொண்டிருந்த வாளி அது.

"இன்னா மல்லிகா, இன்னிக்காவது இருக்கா?" என்று கேட்டார் அவர்.

"நாயித்துக்கெழம வந்து கேக்கிறியே பச்சையம்மாக்கா. நாலு பேரு சோறு கெடக்குது. ரசம் இருக்கு."

"நாலு பேரு சோத்த பன்னெண்டு பேரு எப்பிடித் துன்றது?"

யாரும் சண்டை போடவில்லை. பச்சையம்மா வாளியை நீட்டினார். மல்லிகா சட்டியைச் சுரண்டி ஆளுக்கு இரண்டு கை போட்டு ரசத்தை ஊற்றினார். இரண்டு வாயில் முடிந்துவிட்டது. அதற்குமேல் தண்ணீர் குடித்து நிரப்பிக்கொண்டார்கள்.

பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பச்சையம்மாவிடம், வீட்டிலிருந்து சோறு கொண்டுவர முடியாதா என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எங்களுது வடக்கனந்தலு. கெழங்கு புடுங்க வெடியக்காலம் நாலு மணிக்கு வண்டி எட்த்துடுவான். எப்ப ஒல வெக்கிறது? போம்போது இங்க தூக்கக் குட்த்துட்டுப் போவோம். தூக்க எண்ணித்தான் மல்லிகா அரிசி அளக்கும். ரெண்டு மணியோ மூணு மணியோ, வந்தா சுடச்சுட இருக்கும். இப்பதான் எவளோ செல்லுல எழுதிட்டாளாமே, அத்தோட போச்சி."

இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று ஒரு மனம். வாயை மூடிக்கொண்டு ஜீப் ஏறிவிடு என்று இன்னொரு மனம். எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

"நான்தாங்க அதை எழுதினேன்" என்றேன்.

பச்சையம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"நீ சாப்ட்டியா?" என்று கேட்டார்.

"சாப்ட்டேன்."

"வயிறு ரொம்பிச்சா?"

மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டவள் நான். மல்லிகாதான் பேசினார்: "அன்னிக்கி வந்தது நீங்கதானா? சோறு தீந்துடிச்சின்னு சொன்னேன். அப்ப இது யாருதும்மான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பனே. கேக்காமப் போயி எழுதிட்டீங்களே."

லாரி ஓட்டுநர் ஹாரன் அடித்தார். பன்னிரண்டு பேரும் வாளியைக் கழுவிக்கொண்டு மூட்டைகள்மேல் ஏறினார்கள். வண்டி திரும்பும் வரைக்கும் மஞ்சள் துணி தெரிந்தது.

நான் எழுதியதை அழித்துவிடுகிறேன் என்று மல்லிகாவிடம் சொன்னேன். "அழிச்சிட்டா? எடுத்து வெச்சா கார்ல வர்றவங்க இன்னொருத்தங்க எழுதுவாங்க. எடுத்து வெக்கலன்னா இவுங்க பட்டினி. ஜாஸ்தி ஆக்கினா, ஆளு வராத அன்னிக்கி மீந்து போவுது. எனக்கு இருக்கிறது ஒரே பெரிய சட்டி" என்றார். என்னை ஏற்றிப்போக வந்த ஏழுமலை நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, யாரோ ஒரு அம்மா நான்தான் என்று தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கடைசியில் வழி சொன்னது மல்லிகாதான். "இன்னா வேல பாக்கிறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப ஒரு போர்டு போட்டுக் குடுங்க. பெரிய எழுத்துல. அத மாட்டிட்டு நான் மறுபடியும் தூக்கு வாங்கிக்கிறேன். எழுதறவங்க அதப் பாத்துட்டு எழுதட்டும்." காலையில் அருவிக்குப் போகிறவர்களைக் கடையில் நிறுத்தி, எத்தனை பேருக்குச் சோறு என்று சொல்லிவிட்டுப் போகவைப்பதாக ஏழுமலை ஒத்துக்கொண்டார்.

பழைய கருத்தையும் படத்தையும் அன்றே அழித்தேன். போகாமலே நட்சத்திரம் கொடுத்த புண்ணியவானுடையது அப்படியே இருக்கிறது, அதை என்னால் அழிக்க முடியாது. திங்கட்கிழமை கடை திறந்ததும் முதல் வேலையாகப் போர்டு அடித்தேன்: "இந்தத் தூக்குகளில் இருப்பது காலையில் சொல்லிவிட்டுப் போனவர்களின் சோறு. உங்களுக்கும் வேண்டுமானால் ஒன்பது மணிக்குள் சொல்லுங்கள்." மழைக்குத் தாங்கும்படி இரண்டு பக்கமும் லேமினேஷன் செய்து, கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏழுமலை பெயருக்குக் கொடுத்து அனுப்பினேன்.

போக நினைப்பவர்களுக்கு: கள்ளக்குறிச்சியில் 8 மணி பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பது மணிக்குள் கடைக்குப் போய்ச் சேர முடியாது. அதனால் ஏழுமலையின் ஜீப் எண்ணை நிறுத்தத்து டீக்கடையில் வாங்கி, முதல்நாளே சொல்லிவிடுங்கள். சொந்த வண்டி என்றால் ஆறரைக்குக் கள்ளக்குறிச்சியை விட்டுக் கிளம்புங்கள். சில்லறையாக இருநூறு ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே செல்லில் பணம் போகாது. கடைசி பஸ் எப்போது என்று ஏறும்போதே கேட்டுவிடுங்கள். சோறு இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இதை எழுதி வைத்துப் பத்து நாள் வெளியிடாமல் இருந்தேன். போர்டை மாட்டினார்களா, தூக்கு வாங்குகிறார்களா, ஒன்றும் தெரியவில்லை. ஏழுமலைக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. நேற்று மத்தியானம் அவரே கூப்பிட்டார். "அக்கா, இன்னொரு ஒத்த ஸ்டாரு வந்துட்ச்சி. மல்லிகாக்காவாண்ட காட்டினேன். இருந்துட்டுப் போவட்டும்னு சொல்லிடுச்சி."

உடனே திறந்து பார்த்தேன். "சோறு நிறைய இருக்கிறது, கேட்டால் இல்லை என்கிறார்கள்." யாரோ ஒரு கோபக்காரர், போர்டைக் கண்டும் படிக்காதவர். அதற்குக் கீழே படம். என் போர்டு சுவரில் கோணலாகத் தொங்குகிறது. பலகைமேல் வரிசையாக வாளிகள். விரலை வைத்து எண்ணினேன், பன்னிரண்டு. கடைசி வாளியில் மஞ்சள் துணி, மூடியோரம் ஆவி.

அந்த ஒற்றை நட்சத்திரத்துக்குக் கீழே "பயனுள்ளது" என்பதை அழுத்தினேன்.