மேரி துவையல் தந்த எங்கள் அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு ஆகும் இந்த நினைவு நாளில், மும்பை சீத்தா கேம்பில் அவர் வாழ்ந்த வீட்டின் சின்னக் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் அனைவருக்கும், அவருடைய ஒரே தம்பியாகிய நான் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. குர்லாவில் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவன். ஆனால் போன வருடம் துக்கம் கேட்க வந்தவர்களில் பலர், கிளம்பும்போது என்னைத் தனியே கூப்பிட்டு, "தப்பா நினைக்காதிய, அக்கா செய்யுத அந்த மேரி துவையலுக்கு என்னென்ன போடணும்?" என்று கேட்டார்கள். சாவு வீட்டில் இப்படியும் கேட்பார்களா என்று முதலில் மனம் சுருங்கியது. பிறகு யோசித்தேன். அக்கா இருந்திருந்தால் அவர்களை உட்கார வைத்து, சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் அனுப்பியிருப்பார். அதனால் அக்காவின் வாழ்க்கையையும் அந்தத் துவையலையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது நாங்குநேரிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அப்பா எங்களைத் தாராவிக்கு அழைத்து வந்துவிட்டார். அவருக்குத் தோல் பட்டறையில் வேலை. அம்மா காலையில் வாசலில் இட்லி அவித்து விற்றார்கள். பள்ளிக்குப் போகுமுன் அம்மாவுக்குக் கூடமாட உதவுவது அக்கா. அப்படி ஒரு காலையில், அக்கா காற்றடித்துக்கொண்டிருந்த மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்தது. இரண்டு கைகளும் கழுத்தும் வெந்துபோயின. உயிர் பிழைத்ததே பெரிது என்று டாக்டர் சொன்னார். பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, மெலிந்து, முழுக்கைச் சட்டையோடு அக்கா வீடு திரும்பினார்.

அதன் பிறகு அக்கா அடுப்பங்கரைக்குள் கால் வைக்கவில்லை. தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். பிறந்தநாள் கேக்கில் மெழுகுவத்தி ஏற்றினால், அணைத்த பிறகுதான் உள்ளே வருவார். அம்மா அவரை ஒரு நாளும் வற்புறுத்தவில்லை. ஆனால் சந்தில் பேசுகிறவர்கள் வாயை யார் மூடுவது? "அடுப்புப் பத்த வைக்கத் தெரியாத பிள்ளைய எவன்ளா கட்டுவான்?" என்று அம்மாவின் காதுபடவே கேட்டார்கள்.

படிப்பு நின்று சில வருடம் கழித்து, பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் அக்காவைச் செம்பூரில் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். காய் நறுக்கவும் பழம் வெட்டவும் சாலட் அடுக்கவும் தனியாக ஒரு சின்ன அறை. அங்கே அடுப்பே கிடையாது. முதல் நாள் வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "எம்மா, நெருப்பே இல்லாத அடுக்களைம்மா!" என்று அக்கா சொன்ன முகத்தை நான் மறக்கவில்லை.

அந்த அறைக்கு அடுத்த கதவு ஹோட்டலின் பார். அங்கே வேலை பார்த்தவர் கோவாக்காரர் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறவர்களுக்கு அவர் தக்காளிச் சாற்றில் எலுமிச்சை, மிளகு, காரமான சாஸ், புளிப்பான கறுப்பு சாஸ் எல்லாம் கலந்து, வோட்கா ஊற்றி, மேலே ஒரு செலரித் தண்டைச் செருகிக் கொடுப்பார். அதற்குப் பெயர் பிளடி மேரி. செலரியைக் கழுவி நறுக்கி அனுப்புவது அக்காவின் வேலை. வாசனை பிடித்துப்போய், ஒரு நாள் வோட்கா சேர்க்காமல் அரைத் தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்துப் பார்த்தார். "அடுப்புல வைக்காத ரசம்ல அது!" என்று வீட்டில் வந்து சொன்னார். மறுநாளே, ஸ்ரீகண்ட் என்ற தயிர் இனிப்பு செய்வதற்காக வாங்கி மீந்திருந்த சக்காவில், அதாவது துணியில் கட்டித் தண்ணீர் வடித்த கெட்டித் தயிரில், அதே சாமான்களைப் போட்டுப் பிசைந்தார். வெள்ளரித் துண்டால் தொட்டுத் தின்ற அந்த கோவாக்காரர் கிண்ணத்தைத் திருப்பித் தரவில்லை.

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர் இன்று உங்களோடு உட்கார்ந்திருக்கும் என் அத்தான். குர்லாவில் லேத் பட்டறையில் வேலை. அவருடைய அம்மாவை நாங்கள் அத்தை என்றே அழைக்கிறோம். "பொண்ணு என்னெல்லாம் சமைப்பா?" என்று அத்தை கேட்டதும் அம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். அக்காவே சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினார்.

"அடுப்புப் பக்கம் போக எனக்குப் பயம் அத்த. மத்த வேலை எல்லாம் செய்வேன். இதை மறைச்சு ஒரு கல்யாணம் எனக்கு வேண்டாம்."

அத்தான்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுப்ப நான் பத்த வைக்கேன். எனக்குச் சோறு வடிக்கத் தெரியும்" என்றார். அத்தை மகனை ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகுதான் அந்த வீட்டின் கதை அக்காவுக்குத் தெரிந்தது. அத்தானின் அப்பா குடித்தே செத்தவர். குடியின் பெயரைச் சொன்னாலே அத்தை எழுந்து போய்விடுவார். ஹோட்டலில் பார் இருக்கிறதா என்று பெண் பார்க்கும்போது யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கல்யாணமே நடந்திருக்காது.

முதல் விருந்து வந்தது. அத்தையின் தங்கைமார், அவர்கள் பிள்ளைகள் என்று வீடு நிறைய ஆட்கள். மருமகள் கையால் என்ன செய்தாள் என்று கட்டாயம் கேட்பார்கள் என்பதில் அத்தைக்கு ஒரே கவலை. அக்கா காலையிலேயே பால்கடையில் சக்கா வாங்கி வந்து, தன் கலவையைப் பெரிய பாத்திரத்தில் செய்து, சுற்றிலும் கேரட், வெள்ளரி, உப்புக் காரி பிஸ்கட், உருளைக்கிழங்கு வேஃபர் எல்லாம் அடுக்கி வைத்தார். சோறும் குழம்பும் வருவதற்கு முன்பே பாத்திரம் வழித்துத் துடைத்த மாதிரி ஆகிவிட்டது.

"இது என்ன துவையல்ளா, புதுசா இருக்கு? பேரு என்ன?" என்று ஒரு சித்தி கேட்டார்.

அக்கா பதறிப்போய், வாயில் வந்த பாதியைச் சொல்லிவிட்டார். "மேரி."

"கூட வேலை பாக்குத பிள்ளையா? அவளா சொல்லிக் குடுத்தா?"

அக்கா பதில் சொல்வதற்குள் அத்தை முந்திக்கொண்டு, "ஆமா, அவ சிநேகிதிதான்" என்றார் பெருமையாக.

அன்றிலிருந்து அது மேரி துவையல். சீத்தா கேம்பில் எந்த வீட்டில் பிறந்தநாள், வளைகாப்பு என்றாலும் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அத்தையின் மனதில் மேரி ஓர் ஆளாகவே ஆகிவிட்டாள். தீபாவளிக்கு முறுக்கு சுட்டால் முதலில் ஒரு டப்பா எடுத்து, "இது மேரிக்கு" என்று தனியே வைப்பார். அக்கா மறுக்க முடியாமல் அதைத் தூக்கிக்கொண்டு போய் அந்த கோவாக்காரரிடம் கொடுத்துவிடுவார். அதற்குப் பதிலாக அவர் கிறிஸ்துமஸுக்குக் கேக் அனுப்புவார். "நல்ல குடும்பத்துப் பிள்ள" என்று அத்தை மேரியை மெச்சுவார்.

அக்காவின் மகளுக்குக் காது குத்து வைத்தார்கள். அதற்கு முந்தின வாரம் நான் அங்கே போயிருந்தேன். அத்தை சண்டை போடுகிற குரலில் அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருசமா முறுக்குக் குடுத்து விடுதேன். ஒரு நாளாவது வந்து தலையக் காட்டுனாளா அவ? இந்தத் தடவ நீ கூப்பிடலன்னா நானே வந்து கூப்பிடுதேன்."

அக்கா குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு அத்தையின் எதிரில் தரையில் உட்கார்ந்தார். பார், கோவாக்காரர், அந்தப் பெயர் எல்லாவற்றையும் சொன்னார். "துவையல்ல ஒரு சொட்டுகூடக் கிடையாது அத்த. நான் அந்தக் கதவத் தாண்டிப் போறதும் இல்ல. வேலையை விடுன்னு சொன்னியன்னா விட்டுருதேன். ஆனா நெருப்பு இல்லாத அடுக்களை எனக்கு இந்த பம்பாயில வேற எங்க கிடைக்கும்?"

அத்தையின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப என் முறுக்கையெல்லாம் யாரு தின்னா?"

அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். மறுநாளும் பேசவில்லை, அதற்கு மறுநாளும் பேசவில்லை. அக்கா வேலைக்குப் போனார், வந்தார். அழுதுகொண்டே துணி மடித்தார். அத்தான் இருவருக்கும் நடுவில் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு மதியம், யாரிடமும் சொல்லாமல் அத்தை பஸ் ஏறிச் செம்பூருக்குப் போனார். ஹோட்டலின் பின்வாசலில் நின்று விசாரித்து, அக்காவின் அறையைக் கண்டுபிடித்தார். தலையில் தொப்பி வைத்துத் தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்த அக்காவுக்கு அவரைப் பார்த்ததும் கை ஓடவில்லை. அத்தை அறையைச் சுற்றிப் பார்த்தார். அடுப்பு இல்லை என்பதைத் தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டார். அதற்குள் சத்தம் கேட்டு கோவாக்காரர் வந்துவிட்டார். அத்தை தனக்குத் தெரிந்த இந்தியில் அவரிடம் நேராகக் கேட்டார்.

"முறுக்கு கோன் காயா?"

"மை காயா, மாஜி. சப் மை காயா" என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு ஒப்புக்கொண்டார். எல்லாவற்றையும் தானே தின்றதாகச் சொன்னவர் அதோடு விடவில்லை. முறுக்கு அருமை, ஆனால் காரம் இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்றார்.

அன்று மாலை இருவரும் ஒரே பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். மான்கூர்ட் தாண்டும்வரை அத்தை வாய் திறக்கவில்லையாம். பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே, "வார தீவாளிக்கு மிளகாப்பொடி கூடப் போடணும்" என்றாராம். அக்கா இதை எங்களிடம் சொல்லும்போதெல்லாம் சிரிப்பும் கண்ணீருமாகச் சொல்வார்.

காது குத்துக்கு கோவாக்காரர் தன் மனைவியோடு வந்தார். எல்லோரும் யார் இவர்கள் என்று பார்த்தார்கள். அத்தை அந்த அம்மாளின் கையைப் பிடித்து நடுக்கூடத்தில் உட்கார வைத்து, "இவதான் மேரி" என்று அறிவித்தார். அந்த அம்மாளின் பெயர் வேறு. ஆனால் கணவர் காதில் ஏதோ சொல்ல, அன்று முழுவதும் மேரி என்று கூப்பிட்ட எல்லோருக்கும் அவர் சிரித்த முகமாகவே பதில் சொன்னார். அன்று அவரிடம் துவையலுக்குப் பக்குவம் கேட்ட சித்திமார் இந்த இடத்தை வாசித்துக் கோபிக்க வேண்டாம்.

இனி நீங்கள் கேட்ட பக்குவம். அரைக் கிலோ சக்கா வாங்குங்கள். கிடைக்காவிட்டால் தயிரைத் துணியில் கட்டி ஃபிரிஜ்ஜுக்குள் இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். நன்றாகப் பழுத்த, ஆனால் கெட்டியான தக்காளி நாலு. விதையை எடுத்துவிட்டுப் பொடியாக நறுக்கி, உப்புப் போட்டுக் கொஞ்ச நேரம் வடிதட்டில் வையுங்கள். தண்ணீர் வடியாவிட்டால் துவையல் மோர் மாதிரி ஆகிவிடும். இதில் அக்கா மிகக் கண்டிப்பு. மாட்டுங்கா மார்க்கெட்டில் செலரி கிடைக்கும். இல்லையென்றால் கொத்தமல்லித் தண்டு போதும், பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். கறுப்பு சாஸுக்குப் பதிலாக அக்கா வீட்டில் ஒரு கரண்டி கெட்டிப் புளிக்கரைசலில் சில சொட்டு சோயா சாஸ் சேர்ப்பார். அரைத்த கடுகு ஒரு சிட்டிகை மூக்கில் ஏறுவதற்கு. இடித்த மிளகு, மிளகாய் சாஸ், எலுமிச்சைச் சாறு, ருசிக்கு உப்பு. எல்லாவற்றையும் கரண்டியால் கலந்து, மூடி, ஒரு மணி நேரம் ஃபிரிஜ்ஜில் வையுங்கள். மிக்ஸியில் போடாதீர்கள். ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு வெளியே எடுங்கள். அக்கா எப்போதும் கடைசியில் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்து, போதும் என்பதை இந்தியில் சொல்லி, "பஸ், ஆயிட்டு" என்பார்.

வயிற்றில் வந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டபோது முற்றியிருந்தது. அக்கா கடைசி மாதங்களை வீட்டிலேயே கழித்தார். அத்தான் வேலைக்குப் போகுமுன் கஞ்சி வைத்துவிட்டுப் போவார். வயது எண்பதைத் தாண்டிய அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, உதிர்ந்தது போக மிஞ்சிய முடியைத் தினமும் வாரிவிடுவார். "எனக்கு முந்தி நீ போவியாளா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டார். அக்கா அவருடைய கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். ஒரு காலையில், மகள் பக்கத்தில் இருக்கும்போது, அமைதியாகக் கண்ணை மூடினார்.

அத்தான் குடும்பத்தில் எரிப்பதுதான் வழக்கம். பெரியவர்கள் அதற்கான ஏற்பாட்டைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தான் பேசும் நிலையில் இல்லை. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஆனால் பெண் கொடுத்த வீட்டுக்காரன் நான் எப்படிச் சொல்வது? அப்போது அத்தை சுவரைப் பிடித்து எழுந்து வாசலில் வந்து நின்றார்.

"தீக்குச்சிக்கே நடுங்குனவ அவ. அவள நெருப்புல வைக்க நான் விடமாட்டேன். மண்ணுக்குள்ள வையிங்க."

"நம்ம வழக்கம் அது இல்லையே மதினி" என்றார் ஒரு பெரியவர்.

"அவ நம்ம வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து எந்த வழக்கம் நடந்துச்சு? என் மவன் சோறு வடிச்சான். வீடு இடிஞ்சா போச்சு?"

அக்காவை மண்ணில்தான் வைத்தோம். முதல் பிடி மண் அத்தை போட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அக்காவை வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் வீட்டுக்கே வந்து ஊசி போட்ட நர்ஸ் அம்மாவுக்கும், மழையில் நனைந்தபடி தோளில் சுமந்த கேம்ப் இளைஞர்களுக்கும், மறுநாள் வந்து பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போன ஹோட்டல் தோழியருக்கும், சொந்த ஊருக்கே திரும்பிவிட்டாலும் கோவாவிலிருந்து ரயிலேறி வந்த அந்த 'மேரி' தம்பதிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசி நன்றி அத்தைக்கு. அவருக்கு வாசிக்கத் தெரியாது. அக்காவின் மகளுக்குத் தமிழ் பேசத்தான் வரும். ஆகவே நீங்கள் எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, இருவரையும் உட்கார வைத்து இதை நான் வாசித்துக்காட்டப் போகிறேன். எப்படியும் அத்தை நடுவில் நிறுத்தி, அங்கே தப்பு, இங்கே தப்பு, அவ அப்படிச் சொல்லல என்று திருத்துவார். எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் திருத்தட்டும். அவ்வளவு நேரமும் நாங்கள் அக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.