பறியைக் கடித்துக்கொண்டு ஒரு பாட்டு

நனைந்த பனையோலைக்கு ஒரு வாசனை உண்டு. கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சேறு, அடியில் லேசாக இறால் வாடை. எங்காவது அது மூக்கில் ஏறினால் போதும், சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அத்தனை பேர் பார்க்க ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு நான் நின்றது அப்படியே கண்முன் வந்துவிடும்.

மூன்று வருடம் இருக்கும். சிறுவர்களுக்காக ஒரு படப் புத்தகம் எழுதி முடித்திருந்தேன். முட்டுக்காட்டு உப்பங்கழி, கொக்கு, நண்டு, அங்கே தண்ணீரில் இறங்கி வெறுங்கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்கள். ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் உலகம் நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லையே என்ற ஆத்திரத்தில் எழுதியது. நிறையப் படித்தேன். ஏழெட்டு முறை போய்ப் பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். அங்கிருந்து குனிந்த முதுகுகள் தெரியும், மினுங்கும் தண்ணீர் தெரியும். மீதியை நான் பாட்டால் நிரப்பினேன். இறால் பிடித்துக்கொண்டே அந்தப் பெண் பாடுகிறாள். கேட்டுக் கொக்கு வருகிறது, நண்டு வருகிறது, மழை வருகிறது. பக்கத்துக்குப் பக்கம் பாட்டுதான். புத்தகத்தின் பெயரே அதன் முதல் வரி. இத்தனை வருடத்தில் நான் எழுதியதிலேயே இதுதான் நல்லது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் அச்சுக்குப் போகவேண்டும். திருத்தி முடித்த அச்சுப்படி பையில் இருந்தது. வழியில் இறால் வாங்க வண்டியை நிறுத்தினேன்.

அப்போதே நாலு வருடமாக அந்தத் தெருமுனையில் ஒரே பெண்ணிடம்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. பையைத் துழாவும்போது படி நழுவி அவர் மடியில் விழுந்து விரிந்தது.

"இன்னாக்கா இது, நம்ம வேலை மாதிரி கீது?"

இருளர் பெண், இறால் பிடிக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னேன்.

"நாங்க இருளருங்கதான்க்கா. காலீல கழியில எறங்கி புட்ச்சிதான் இத்த எட்தாந்தேன்."

நாலு வருடம். இறாலை உரித்துத் தரச் சொல்லியிருக்கிறேன், மழை வருமா என்று கேட்டிருக்கிறேன். இதைக் கேட்டதில்லை.

அவர் படத்தை உற்றுப் பார்த்தார். "வாய இன்னாத்துக்கு இப்டி தொறந்துகினு கீறா? பல்லு வலியா?"

"பாடுறாங்க."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பூக்கடைக்காரர் எழுந்தே வந்துவிட்டார். அவருக்கும் படத்தைக் காட்டிவிட்டு, இறால்காரப் பெண் தன் பின்னால் கிடந்த காலி ஓலைக்கூடை ஒன்றை எடுத்தார். பறி என்பது அதன் பெயர்.

"ரெண்டு கையும் சேத்துல தொழாவிக்கினே இருக்கணும். புட்ச்ச இறால எங்க போடுவே? பறிய பல்லுல கட்ச்சிக்கினு போவோம், அதுல போடுவோம். இந்தா, நீ கட்ச்சிக்கினு பாடு, கேப்போம்."

கடித்தேன். நாக்கில் உப்பும் சேறும். என் அருமையான முதல் வரியைப் பாடிப் பார்த்தேன். "ம்ம்ம்" என்றுதான் வந்தது.

"மேடம், சுருதி சேரல" என்றார் பூக்கடைக்காரர்.

மூவரும் சிரித்து ஓய்ந்தபின் அவர் இறாலை அள்ளிப் பையில் போட்டபடியே சொன்னார்: "எம் பொண்ணு நாலாவது படிக்கிறா. இந்த புக்க பாத்தான்னா, வேற யாரைப் பத்தியோ எழுதிகீறாங்கன்னு நெனப்பா."

வீட்டுக்கு வந்ததும் பதிப்பாளரைக் கூப்பிட்டேன். "பசங்களுக்கு இதெல்லாம் தெரியவா போகுது மேடம்? பாட்டை எடுத்துட்டா புக்குல என்ன இருக்கு?" என்றார். "ஒரு பொண்ணுக்குத் தெரியும் சார்" என்றேன். அச்சு நின்றது.

அடுத்த வாரம் செருப்பைக் கரையில் விட்டுவிட்டு அவரோடு தண்ணீரில் இறங்கினேன். இரண்டு மணி நேரத்தில் மூன்று இறால் பிடித்தேன். வாயில் பறி இருந்தால் காது திறந்துகொள்கிறது. தண்ணீர் களக் களக் என்கிறது, பக்கத்தில் ஒரு மூச்சு, சேற்றுக்குள் விரல் நுனியில் ஏதோ துள்ளுகிறது. அதை எழுதினேன். பாட்டை முழுதாக எடுத்தேன், பெயரையும் மாற்றினேன். முன்னதைவிட இது நல்ல புத்தகம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அச்சானதும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். விடுமுறை என்பதால் மகளும் கூட இருந்தாள். அவள் சத்தமாகப் படிக்கப் படிக்க, அவர் ஒவ்வொரு படத்திலும் பறியை விரலால் தொட்டுப் பார்த்தார். பாதிப் புத்தகத்தில் மகள் நிறுத்தி, "ம்மா, இது நீதான்" என்றாள்.

இப்போது அடுத்த புத்தகம் எழுதுகிறேன். தைரியம் குறையவில்லை, ஆனால் ஒரு வரி ரொம்ப அழகாக வந்து உட்கார்ந்தால், இதை யாரிடம் கேட்டேன் என்று பேனாவை வைத்துவிட்டு யோசிக்கிறேன். முதல் பிரதியைக் கொடுத்துவிட்டு அன்று நான் வண்டியைக் கிளப்பியபோது அவர் பின்னாலிருந்து கூவியது அந்த நேரத்தில் தவறாமல் கேட்கும்:

"யக்கா, பாட்டு எங்க காணோம்? கரையேறி அடுப்பு மூட்டினதும் நா பாடுவேனே, அத்த நீ கேக்கவே இல்லியே!"