யார் செலவில்

நாங்கள் குளிக்கப் போனால் ஒரு போலீஸ்காரரும் கூட வருகிறார். அகதி முகாமிலிருந்து தாமிரபரணிக் கரைக்கு வயல் வரப்பு வழியாகக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். துண்டும் வாளியுமாக நாங்கள் முன்னே போவோம், ஏட்டையா தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னே வருவார். நாங்கள் தண்ணீரில் இறங்கியதும் படித்துறையில் நிழலான இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது என்பதை, வெளிநாடு போய்விட்ட நம் ஊர்க்காரர்களான உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி ஊற்றிக் குளித்து வளர்ந்தவர்கள் நாம். ஒருவரும் இறைக்காமல் இவ்வளவு தண்ணீர் தன்பாட்டில் ஓடுவதைப் பார்த்தபோது, முதல் நாள் இறங்குவதற்கே எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சம் போய்விட்டது. இப்போது இருக்கிற கூச்சம் ஏட்டையாவைப் பார்த்து.

போன மாதம் மாடு குளிப்பாட்ட வந்த ஒருவர் எங்களையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏட்டையா, இவனுவ குளிக்கதுக்கும் காவலா? நல்லாருக்குவே கவர்மெண்டு. நம்ம வரிப்பணத்துல சோப்புப் போடுதானுவ" என்றார். ஏட்டையா சிரித்து மழுப்பினார். அவருக்குச் சொந்த ஊர் மணிமுத்தாறு, பஸ் ஏறினால் வெயில் ஏறுமுன் போய்விடலாம். ஆனால் முகாமுக்கு ஆள் பற்றாது என்று லீவு தரமாட்டேன் என்கிறார்களாம். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், பிறந்த குழந்தையின் முகத்தை இன்னும் பார்க்கவில்லை என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நான் அவசரமாகக் குளித்து முடித்துக் கரையேறினேன், அவர் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம் என்பதுபோல.

பஸ்ஸில், டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில் எங்கே போனாலும் இந்தப் பேச்சு அடிபடுகிறது. வேலிக்கு எவ்வளவு, வேனுக்கு எவ்வளவு, பந்தோபஸ்துக்கு எவ்வளவு, இது யார் தலையில் விடிகிறது என்று கேட்கிறார்கள். பாரிசிலும் டொரன்டோவிலும் இருக்கிற உங்களையும் அங்கே யாராவது செலவு என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்நியப் பாஷையில் கேட்பது வேறு, நம்முடைய தமிழிலேயே கேட்பது வேறு. இவர்கள் கெட்டவர்களும் இல்லை. படகிலிருந்து இறங்கிவந்த புதிதில் இதே டீக்கடைக்காரர்கள்தான் என்னிடம் காசு வாங்க மறுத்தார்கள். தொண்ணூற்றொன்றாம் ஆண்டு மே மாதத்தில் இந்த நாட்டின் முன்னாள் பிரதமரைக் குண்டு வைத்துக் கொன்றார்களே, அதற்குப் பிறகுதான் எல்லாம் மாறியது. செய்தவர்கள் பேசிய தமிழைத்தான் நானும் பேசுகிறேன்.

அப்போது நான் முகாமில் இல்லை. திருநெல்வேலி டவுனில் பாத்திரக்கடை வைத்திருந்த சங்கரலிங்கம் அண்ணாச்சி வீட்டு மாடியில் குடியிருந்தேன். நான் தனி ஆள். பகலில் அவருடைய கடையிலேயே கணக்கு எழுதினேன். அவருடைய மனைவியை மதினி என்று கூப்பிட அந்தத் தெருதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அந்த மே மாதத்துக்குப் பிறகு வாரம் ஒருமுறை போலீஸ் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். எனக்கு வீடு கொடுத்தவர் என்பதால் அண்ணாச்சியும் வர வேண்டும். நெற்றி நிறையத் திருநீறும் வெள்ளை வேட்டியுமாக அவர் நிலையத்து வாங்குப் பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அதுவரை தேர்த் திருவிழாவில் மட்டும் போலீஸைப் பார்த்திருந்த மனிதர். "நமக்கென்னவே, உக்காந்துட்டு வாரோம்" என்பார். வீட்டுக்கும் போலீஸ் வந்துபோனது. மதினி அவர்களுக்கும் காப்பி போட்டுக் கொடுத்தார்.

அந்த நேரத்தில்தான் அவர்களுடைய மகள் காந்திமதிக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு இடம் கூடிவந்தது. பெண் பார்த்து, பிடித்து, தேதி குறிக்கிற நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் பேச்சைத் தள்ளிப்போட்டார்கள். பெண் வீட்டுக்குப் போலீஸ் வந்து போகிறதாமே என்று கேட்டார்களாம். இதைத் தரகர் கீழே மெல்லிய குரலில் சொன்னது மாடிப்படியில் நின்ற என் காதில் விழுந்தது. அண்ணாச்சி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரவுச் சாப்பாடு வழக்கம்போல மேலே வந்தது. நானும் ஒன்றும் தெரியாதவன்போல அதைச் சாப்பிட்டுக்கொண்டே கார்த்திகை மாதம் முழுவதையும் கடத்தினேன். வேறு வீடு எனக்கு யாரும் தரமாட்டார்கள். மிச்சம் இருந்தது முகாம் ஒன்றுதான், முகாமை நினைத்தால் எனக்குப் பயமாக இருந்தது. என் பயத்துக்கு ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது தெரிந்தேதான் இருந்தேன்.

மார்கழி பிறந்ததும் போய்ச் சொன்னேன். "நான் முகாமுக்குப் போறன் அண்ணாச்சி. அங்கை எங்கட ஆக்கள் இருக்கினம்." அவர் "இரும்வே, அப்படி என்ன அவசரம், பாத்துக்கிடலாம்" என்றார். சொல்லும்போதே அவருடைய தோள் தளர்ந்து, முகத்தில் ஒரு ஆறுதல் வந்து போயிற்று. அதை நான் பார்த்துவிட்டேன் என்பதை அவரும் பார்த்துவிட்டார். முகாம் முக்கூடல் போகிற சாலையில் இருந்தது. பகலில் தனி ஆளாக வெளியே போகலாம், கூட்டமாக ஆற்றுக்குப் போனால்தான் காவல் வரும். ஆறு மணிக்கு ஆள் எண்ணும்போது உள்ளே நிற்க வேண்டும்.

நான் வந்த பிறகு அந்த இடமே முடிவாயிற்று. கல்யாணத்துக்கு அழைக்க அண்ணாச்சி முகாமுக்கு வரவில்லை. வந்தால் வாசலில் பெயர் எழுதுவார்கள், பிறகு அந்தப் பெயரைத் தேடி வீட்டுக்குப் போவார்கள். ஆற்றுக்கு வந்தார். ஏட்டையா கண்ணயர்ந்திருந்த நேரமாகப் பார்த்து, முழங்கால் தண்ணீரில் என் பக்கத்தில் நின்று குனிந்து முகம் கழுவினார். "பத்திரிகை வைக்கலையேன்னு நெனைக்கப்படாது. நீரு வராம என் மகளுக்குக் கல்யாணமா?" என்றார். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மாப்ள வீட்டு ஆளுக யாரும் கேட்டா, நாகர்கோவில்னு சொல்லிருவோமா?"

அது அவராகக் கண்டுபிடித்த யுக்தி இல்லை. இந்த ஊரில் நாம் வாயைத் திறந்தால் முக்கால்வாசிப் பேர் நம்மை நாகர்கோவில்காரர் என்றுதான் நினைக்கிறார்கள். அதுவரைக்கும் நான் மறுத்துத் திருத்திவந்தேன். அன்றைக்கு "சரி அண்ணாச்சி" என்றேன். அதைக் கேட்க அவர் எவ்வளவு கூசினார் என்பது எனக்குத் தெரியும்.

கல்யாணப் பந்தியில் என் வலப்பக்கம் மாப்பிள்ளையின் தாய்மாமா. கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கலகலப்பான மனிதர். இடப்பக்கம் மேலப்பாளையத்தில் ஜவுளி வியாபாரம் செய்யும் காதர் பாய், அண்ணாச்சியின் பழைய சிநேகிதர். ரசம் வருவதற்குள் பேச்சு முகாம் செலவுக்கு வந்துவிட்டது. "பில்லு பில்லா பாஸ் பண்ணவன் நான்" என்றார் தாய்மாமா. "மொதல்ல வேலிக்கு ஒரு பில்லு. பொறவு வேலிக்குக் காவல்னு ஒரு பில்லு. காவலைப் பாக்க வார ஆபீசருக்கு ஜீப்புக்கு ஒரு பில்லு. அந்தக் காசுல நம்ம ஊரு வாய்க்காலத் தூர் வாரியிருக்கலாம்லா?"

காதர் பாய் இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அந்தக் காசு அகதிய வயித்துக்கா போவுது அண்ணாச்சி? எங்க தெரு முக்குல நாலு மாசமா ஒரு போலீஸ் வேன் நிக்கி. டீசல் அதுக்குத்தான் போவுது. கடைக்கு வார ஆளு அதைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருதான். அந்தப் பில்லை யாரு பாஸ் பண்ணுவா?" என்று கேட்டார்.

தாய்மாமா கோபப்படவில்லை. யோசித்துவிட்டு, "நீரு சொல்லுததும் சரிதான். ஆனா ஒரு குண்டு வெடிச்சா பொறவு யாரு பதில் சொல்லுவா? காவலும் வேணும், கஜானாவும் காலி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க நாகர்கோவில் அண்ணாச்சி. எத்தனை நாளைக்குத்தான் இந்த ஆளுகளுக்குச் செலவழிக்க?"

அண்ணாச்சி பாயச வாளியோடு என் இலைக்கு எதிரே வந்து நின்றார். கரண்டி அப்படியே அந்தரத்தில் நின்றது. நான் "செலவுதான்" என்றேன். என் ஊர்த் தமிழ் தெரியாமலிருக்க அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். அண்ணாச்சி என் இலையில் ஒரு கரண்டி பாயசம் விட்டார், இன்னொன்றும் விட்டார், இலை தாண்டி வழிந்தது. தாய்மாமா என்னைத் தட்டிக்கொடுத்து, நாளை மறுவீட்டுக்கும் இருக்கச் சொன்னார், தேங்காய்ப்பால் சொதி சாப்பிடலாமாம். எங்கள் வீட்டில் நித்தம் சொதிதான் என்று வாய்வரை வந்ததைப் பாயசத்தோடு விழுங்கினேன்.

புறப்படும்போதும் தாய்மாமா விடவில்லை. ஜங்ஷன்வரை தன்னுடைய காரில் கூட்டிவந்து, நாகர்கோவில் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்து, கண்டக்டரிடம் தானே டிக்கெட்டும் எடுத்துவிட்டார். பஸ் நகரும்வரை கையாட்டிக்கொண்டு நின்றார். முகாம் மேற்கே இருக்க நான் தெற்கே போனேன். பாளையங்கோட்டையில் இறங்கியபோது கண்டக்டர், "நாகர்கோவிலுக்குல்லா சீட்டு எடுத்திருக்கு?" என்று என்னை விநோதமாகப் பார்த்தார். திரும்பி வந்த டவுன் பஸ் ஜங்ஷனைத் தாண்டும்போது, அந்த நல்ல மனிதர் இன்னும் அங்கே நின்றால் என்ன செய்வது என்று தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

கையில் கல்யாண வீட்டு மஞ்சள் பை. மணமக்கள் பெயரும் அண்ணாச்சி பெயரும் கடை விலாசமும் சிவப்பில் அச்சடித்திருந்தது. முகாம் வருமுன் தேங்காயையும் வெற்றிலையையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பையை உட்புறம் வெளியே வரத் திருப்பினேன். ஒரு தகப்பன் ஆசையாக அச்சடித்த பெயரை நான் இப்படி மறைக்கிறேனே என்று பட்டது. எறிய மனம் வரவில்லை.

வாசலில் ஆள் எண்ணி முடிந்திருந்தது. நான் ஒருவன்தான் பாக்கி. ஏட்டையா சலித்துக்கொண்டார். "எங்கன போயிட்டு வாரீரு? உம்மால எங்களுக்குல்லா ஏச்சு." அவர் சோதிக்குமுன் நானே தேங்காயையும் வெற்றிலையையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். வெறும் பையைக் கக்கத்தில் அமுக்கிக்கொண்டேன்.

"கல்யாண வீடா? யாரு வீடு?"

"தெரிஞ்ச ஆக்கள்."

"பேரு ஊரு சொல்லும். எழுதணும்லா."

"நாகர்கோவில் ஆக்கள்" என்றேன். பெயர் என்ன என்று கேட்டபோது வாயில் வந்தது ஒன்றுதான். "கந்தையாபிள்ளை."

அவர் அதை எழுதிக்கொண்டார். "சரி, நாளைக்கு அங்க ஸ்டேஷனுக்குத் தகவல் குடுத்துருவோம். அவிய போயி விசாரிச்சுச் சொல்லுவாவ" என்றார். பிறகு தேங்காயை என் கையில் திருப்பிக் கொடுத்து உள்ளே போகச் சொன்னார். அந்த மாதமும் அவருக்கு லீவு கிடைக்கவில்லை.

பை என் குடிசையில் ஆணியில் தொங்குகிறது. துணி மெல்லியது, வெளிச்சம் பட்டால் காந்திமதியின் பெயர் இடம் வலம் மாறித் தெரிகிறது. கந்தையாபிள்ளை என் அப்பா. நாகர்கோவிலில் எந்தத் தெருவிலோ இரண்டு போலீஸ்காரர்கள் வெயிலில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, யாழ்ப்பாணத்தைவிட்டு ஒருநாளும் வெளியே போகாமல் அங்கேயே செத்துப்போன அவரைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.