அண்ணன் காட்ட மறுத்த கால்

அன்று ஜொகூர் கெலாங் பாத்தா வீட்டில் இருந்தவர்கள்: அண்ணன், அண்ணி, தங்கை நான். கைப்பேசித் திரையில் டாக்டர். ஆக நான்கு பேர். வேறு ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்தில் பந்தியில் உட்கார்ந்து, "போன்ல வைத்தியம் பாத்தா இப்படித்தான்லா ஆகும்" என்று பேசியவர்கள் அன்று அங்கே இல்லை. நான் அப்போது பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. ஓராண்டு கழித்து இந்த நினைவு மலரில் திறக்கிறேன்.

அண்ணன் ஆயர் ஈத்தாம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா காலமானபோது அவருக்குப் பதினாறு வயது. அன்று முதல் குடும்பம் அவர் தோளில். என்னைப் படிக்க வைக்க ஆசைப்பட்டார். நான்தான் பரீட்சைக்குப் பயந்து இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவத்தோடு நின்றேன். "பயந்தாங்கொள்ளி" என்று சிரிப்பாரே தவிர, ஒரு நாளும் அடித்ததில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டினார். சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாவது பாலத்தில் எவ்வளவு நெரிசல் என்றாலும் அங்கே ஆட்களை நேரத்துக்கு இறக்கிவிடுவார்.

கொரோனா வந்தது. பாலம் மூடியது, பேருந்து நின்றது. இனிப்புநீர் என்னும் சர்க்கரை நோய்க்கு அண்ணன் போகும் கிளினிக்கிலும், அவசரம் இல்லாதவர்கள் நேரில் வரவேண்டாம், காணொளியில் டாக்டரிடம் பேசலாம் என்றார்கள். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. தொட்டுப் பார்க்காமல் என்ன வைத்தியம்? அண்ணனுக்கோ பிடித்துப்போனது. முன்பெல்லாம் நான்கு மணி நேரம் காத்திருந்தால் நான்கு நிமிடம் பார்ப்பார்கள். திரையில் டாக்டர் முகம் பார்த்துப் பேசினார். அழைப்பு வரும் நாளில் அண்ணன் குளித்து, திருநீறு இட்டு, இஸ்திரி போட்ட சட்டையும் கைலியுமாக உட்காருவார்.

"கால் எப்படி இருக்கு, அங்கிள்?"

"நல்லா இருக்கு டாக்டர்."

நன்றாக இல்லை. கைலி மறைவில் இடது கால் சுண்டுவிரல் கறுத்துக்கொண்டு வந்தது. டாக்டரிடம் காட்டச் சொல்லி அண்ணி கெஞ்சினார். "படிச்ச மனுஷன் மூஞ்சிக்கு நேரா காலைத் தூக்கிக் காட்டச் சொல்றியா? கிளினிக் தொறக்கட்டும், நேர்ல காட்டிக்கிறேன்" என்றுவிட்டார் அண்ணன்.

மூன்றாம் மாத அழைப்பு. அண்ணன் "நல்லா இருக்கு" என்று தொடங்கியதும் நான் கைப்பேசியைப் பிடுங்கி, கைலியை ஒதுக்கி, காலுக்கு நேரே பிடித்தேன்.

"ஏய், மரியாதை கெட்டவளே! போனைக் குடு!"

"குடுக்க மாட்டேண்ணே."

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "அங்கிள், அப்புறமா திட்டிக்கலாம். அக்கா, லைட்டைப் போட்டு இன்னும் கிட்ட காட்டுங்க." பார்த்தார். "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. லெட்டர் அனுப்பிடுறேன்."

"இன்னும் பீஸ் கட்டலையே டாக்டர்" என்றார் அண்ணன், அந்த நிலையிலும்.

"கால் ஆறட்டும். நடந்து வந்து குடுங்க."

மருத்துவமனைக்குள் எங்களை விடவில்லை. இரண்டு விரல்கள் போயின, கால் தப்பியது. வீடு திரும்பியும் மூன்று நாள் அண்ணன் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் கேட்டார்: "பயந்தாங்கொள்ளிக்கு எங்கருந்து வந்துச்சு அவ்ளோ தைரியம்?"

"பயத்துலதாண்ணே."

அதன்பிறகு ஒவ்வொரு அழைப்பிலும் அவரே முக்காலியில் காலை வைத்து, "மன்னிச்சிடுங்க டாக்டர்" என்று சொல்லிக் காட்டினார். நேரில் போகச் சொன்னால் நேரில் போனார். நான்கு ஆண்டுகள் சொந்தக் காலில் நடந்தார். கடைசி நாளன்றும் கோயிலுக்கு நடந்துபோய் வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், எழவில்லை. மாரடைப்பு. முந்திய வாரம்தான் நேரில் பரிசோதனை முடித்திருந்தார்.

பந்தியில் பேசியவர்களே, அண்ணனைக் கொல்லப் பார்த்தது காலை மறைத்த அந்த மரியாதை. அதை நான் கெடுத்தேன். இன்னொரு முறை என்றாலும் கெடுப்பேன்.

இரவு பகல் புண்ணைக் கழுவிக் கட்டிய அண்ணிக்கும், சாலைத் தடுப்புகளைத் தாண்டி எங்களைக் காரில் கொண்டுபோன பக்கத்து வீட்டு மலாய்க்காரருக்கும், கடைசிப் பயணத்தில் அண்ணனைச் சுமந்து சென்ற பேருந்து நண்பர்களுக்கும் எங்கள் கும்பிடு. டாக்டருக்கு நன்றி மட்டும் போதாது. கால் ஆறியபின் அண்ணன் மூன்று முறை நடந்துபோய் அந்தக் கட்டணத்தை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் நடங்க அங்கிள், அப்புறம் வாங்கிக்கிறேன்" என்று டாக்டர் மூன்று முறையும் திருப்பி அனுப்பினார். பணம் அண்ணனின் இஸ்திரிச் சட்டைப் பையில் மடித்தபடியே இருக்கிறது. இந்த மலர் கைக்கு வந்ததும் நானே நடந்துபோய்க் கொடுப்பேன். மறுத்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுவேன்.

அண்ணன் பேரில் பாக்கி: நாற்பது ரிங்கிட்.