புத்தகத்தில் இல்லாத வரி

அக்காவின் தொழிலை யாரிடமாவது விளக்கிச் சொல்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். பாடப்புத்தகங்களைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றுத்தரும் புத்தகங்கள், அதிலும் மேல்வகுப்புக்கு உரியவை, தலைக்கு வைத்துப் படுக்கலாம் போலத் தடிமனானவை. பதிப்பகம் அச்சுக்கு முன் பக்கம் பிரித்து அனுப்பும் படியை வரி விடாமல் படித்து, மாணவர்களுக்குப் பயன்படுமா படாதா என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் பயன்படும் என்று சொன்னால் கல்லூரிகள் நம்பி வாங்கும். "அப்ப வீட்டுல உக்காந்து புஸ்தகம் படிக்கிறதுக்குச் சம்பளமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆரம்பத்தில் நானும் கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மூன்றாவது மாடி வீடு. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு மேசை, அதுதான் அவள் அலுவலகம். நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறவள். பகல் முழுக்க ஊரார் பல்வலியைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே அக்காவின் கழுத்துவலி காத்திருக்கும். மாமா லிஃப்ட் பழுது பார்ப்பவர். யாராவது எங்காவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், அவரும் ஓடிக்கொண்டே இருப்பார். ஆக, அக்காவின் புலம்பலுக்கு என் காது மட்டும்தான்.

அவளுக்கு ஒரு பிடிவாதம். புத்தகத்தில் இருக்கும் ஒவ்வொரு புரோகிராமையும் தன் கையாலேயே தட்டித்தான் ஓட்டிப் பார்ப்பாள். நூலாசிரியர்கள் எல்லாவற்றையும் தயாராக ஃபைலில் போட்டு அனுப்புவார்கள். அதைத் தொடமாட்டாள். "புள்ளைங்க புஸ்தகத்தப் பாத்துதானே அடிக்கப் போகுது? நானும் அப்படியே அடிச்சாத்தான் எங்க இடறுதுன்னு தெரியும்" என்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் என்று பதிப்பகத்தில் அவளுக்குப் பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றியே கண் கெட்டது. வருடக்கணக்காக அரைத்த மாவையே அரைத்து வேலை கசந்துபோய்விட்டது, ஆனால் விடவும் தெரியவில்லை. புதுப் புத்தகம் வந்து இறங்கினால், "வந்துட்டான்யா மாப்பிள்ளை" என்று முனகியபடி உறையைப் பிரிப்பாள்.

போன வருடம் அப்படி வந்த ஒரு மாப்பிள்ளைதான் எல்லாவற்றுக்கும் காரணம். மேல்நிலை புரோகிராமிங், பெரிய பேராசிரியர் எழுதியது. அக்கா எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, அத்தனையும் ஓடுகிறது, தாராளமாகப் பயன்படும் என்று எழுதினாள். புத்தகம் அச்சாகி வகுப்புகளுக்குப் போனது. சில மாதம் கழித்து ஒரு கல்லூரியின் ஆய்வக ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மேடம், ஏழாம் பாடத்துல ஒரு புரோகிராம். நான் ஃபைல்ல இருந்து எடுத்துப் போட்டா ஓடுது. புத்தகத்தப் பாத்து அடிச்ச பொண்ணுக்கு ஓடமாட்டேங்குது. தப்புன்னும் காட்டல, அப்படியே நின்னுடுது."

அக்கா அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு மறுபடி தட்டினாள். ஓடியது. "இங்க ஓடுதுங்க. கவனமா அடிக்கச் சொல்லுங்க" என்று முடித்துவிட்டாள்.

அடுத்த வாரம் அவர் மறுபடி கூப்பிட்டார். அந்தப் பெண் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தும் நின்றுவிடுகிறதாம். மற்ற மாணவர்கள் ஃபைலை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்களாம். இவள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டு, புத்தகத்தைப் பார்த்தே அடிக்கிறவள். "தனக்கு இந்தப் படிப்பு வராதுன்னு சொல்லிட்டு வேற பிரிவுக்கு மாறப் போறேங்குது மேடம். நல்ல பொண்ணு. புத்தகத்துல ஏதாவது தப்பிருந்தா சொல்லுங்க, நான் அவள நிறுத்தி வச்சுடறேன்."

அக்கா மூன்றாவது முறையாகத் தட்டினாள். தண்ணீர் மாதிரி ஓடியது. "புத்தகத்துல தப்பில்லைங்க" என்றாள், கொஞ்சம் சூடாகவே. ஃபோனை வைத்த பிறகு என்னிடம் திரும்பி, "ஒரு கமா விட்டிருக்கும் அந்தப் பொண்ணு. அதுக்கு என் உயிர வாங்குறாரு" என்றாள். நானும் ஆமாம் போட்டேன். எனக்கு என்ன தெரியும்.

ஆனால் அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், என்னைக் கூப்பிட்டாள். "எழுத்து மங்கலாத் தெரியுது. நீ அந்த ஏழாம் பாடத்த வாசி, நான் அடிக்கிறேன். கடைசியா ஒரு தடவ பாத்துடலாம்."

"எனக்கு இதுல ஒரு எழவும் புரியாதேக்கா."

"புரிய வேணாம். இருக்கிறத வாசி."

வாசித்தேன். அடைப்புக்குறி என்றேன், இன்னொரு அடைப்புக்குறி என்றேன், மேலே புள்ளி வைத்த கமா என்றேன். அதற்கு வேறு பெயராம், திட்டினாள். பாதியில் பக்கம் முடிந்தது. நான் தாளைத் திருப்பி அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருந்தேன். அக்காவின் விரல்கள் நிற்கவில்லை, தட்டிக்கொண்டே இருந்தன.

"நான் இன்னும் வாசிக்கவே இல்ல. நீ என்ன அடிக்கிற?"

"அடுத்த வரி."

"அடுத்த வரி இது, அக்கா." வாசித்துக் காட்டினேன்.

அவள் திரையைப் பார்த்தாள். புத்தகத்தைப் பிடுங்கி, கண்ணை இடுக்கிக்கொண்டு, பக்கத்தின் அடியையும் அடுத்த பக்கத்தின் தலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அவள் அடித்திருந்த வரி அங்கே இல்லை. பக்கம் பிரிக்கும்போதே விழுந்துபோயிருந்தது, அவள் முதலில் சோதித்த படியிலேயே.

என்ன வரி என்று கேட்டேன். ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கும் புரோகிராமாம் அது. ஒரு வேலை உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ளும், முடிந்ததும் தாழைத் திறக்க வேண்டும். திறக்கிற வரிதான் இல்லை. குளியலறைக்குள் போனவர் தாழைத் திறக்காவிட்டால் வெளியே வரிசையில் நிற்பவர்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். அந்தப் பெண்ணின் திரையில் நடந்தது அதுதான்.

"தாழ் போட்டா திறக்கணும்னு என் கைக்குத் தெரியும். அதனால அதுவா போட்டிருக்கு. ஒவ்வொரு தடவையும்" என்றாள் அக்கா. தன் கைகளை யாரோ ஏமாற்றுக்காரியின் கைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு ஒரு கமா விடல. அவ புத்தகத்துல இருக்கிறத அடிச்சிருக்கா. நான்தான் ஒரு தடவகூட அடிக்கல."

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எத்தனை புத்தகங்களை இந்த மேசையில் வைத்துப் பயன்படும் என்று சொல்லியிருக்கிறாள், அதில் எத்தனையில் புத்தகம் ஓடியது, எத்தனையில் இவள் கை ஓட்டியது என்று இனி யார் கண்டது. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் முகத்திலேயே அது இருந்தது.

பதிப்பகத்துக்கு உடனே எழுதினாள். 'ஏற்கனவே தெரிந்தவர்களுக்கு மட்டும் பயன்படும். கற்க வருகிறவர்களுக்குப் பயன்படாது. என் பழைய கருத்தைத் திரும்பப் பெறுகிறேன்.' பிறகு ஆய்வக ஆசிரியரைக் கூப்பிட்டாள். அவர் சத்தம் போடவில்லை. அந்தப் பெண் வெள்ளிக்கிழமையே எழுதிக் கொடுத்துவிட்டு வணிகப் பிரிவுக்குப் போய்விட்டாள் என்று மட்டும் சொன்னார். அக்கா கெஞ்சாத குறையாகக் கேட்டு, பெண்ணின் நம்பரை வாங்கினாள்.

என் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினாள். தான் யார் என்று சொன்னாள். எந்த வரி, எந்தப் பக்கம், தன் கை அதை எப்படித் தானாகப் போட்டது என்று எல்லாம் சொன்னாள்.

"தப்பு உன்னோடது இல்லம்மா. புத்தகத்தோடது. அதுக்கு மேல, என்னோடது. நீ அடிச்சதுதான் சரி. திரும்பி வந்துடு, உங்க சார்கிட்ட நான் பேசறேன்."

அந்தப் பக்கமிருந்து மரியாதையான ஒரு சின்னக் குரல் வந்தது.

"பரவாயில்லைங்க மேடம். எனக்கு அது வராதுங்க."

"ஏம்மா வராது? தப்பு உன்கிட்ட இல்லன்னு சொல்றேனே."

"இல்லைங்க மேடம், உங்களுக்குத் தானா அந்த வரி வந்திருக்குல்ல? எனக்கு வரலையே."

அக்கா ஃபோனை என் பக்கம் தள்ளிவிட்டுப் புத்தகத்தை மூடினாள். எனக்கு அந்தப் பெண் மேல்தான் கோபம் வந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பாள்.