குட்டி ஜப்பான் காய்ச்சல்

என் மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் நர்சம்மா சிவகாசிப் பக்கம் ஆனைக்குட்டத்தில் எங்கள் வீடு தேடி வந்தார். "ஜப்பான் மூளைக்காய்ச்சலுக்கு ஊசி போடணும். புதன்கிழமை அங்கன்வாடிக்குத் தூக்கிட்டு வாங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சிவகாசியைத்தானே குட்டி ஜப்பான் என்கிறார்கள்! பட்டாசு மருந்தால் வருகிற காய்ச்சல் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். "நாங்க வயவேலைக்குப் போறவுக. பட்டாசு கம்பெனிக்காரக பிள்ளைகளுக்குப் போடுங்க" என்று, அவரை மேலே பேசவிடாமல் அனுப்பிவிட்டேன். அதோடு விட்டேனா? குழாயடியிலும் போய்ச் சொன்னேன்.

புதன்கிழமை எங்கள் தெருவிலிருந்து ஒரு பிள்ளைகூடப் போகவில்லை. மதியம் நர்சம்மாவே வந்துவிட்டார். காரணத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்துச் சிரித்தார்.

"அந்த நோய மொதல்ல ஜப்பான் நாட்டுல கண்டுபிடிச்சாக, அதான் அந்தப் பேரு. பரப்புறது பட்டாசு இல்ல தாயி, உங்க நெல்லு வயக்கொசு. வந்துட்டா பிள்ளை மூளையவே பாதிச்சிரும்."

கடைசி வார்த்தையில் அவர் சிரிக்கவில்லை.

மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வீடு வீடாக நானே நர்சம்மாவைக் கூட்டிப்போனேன். சாயங்காலத்துக்குள் தெருப் பிள்ளைகள் எல்லாம் ஊசி போட்டு அழுது முடித்துவிட்டார்கள். என் மகள்தான் முதல் ஆள்.

அன்றிலிருந்து தெருவில் என் பெயர் ஜப்பான்காரி. கூப்பிடட்டும். எதையாவது அரைகுறையாகக் கேட்டுவிட்டுக் குழாயடியில் வாயெடுக்கும்போது, இப்போது நானே சொல்லிக்கொள்கிறேன்: "ஏ ஜப்பான்காரி, சும்மா இரு!"