ஞாயிறு மாலைக் கொலை

பாராடாங் தீவில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதி ஒரு கொலையால் கிடைத்தவள். கொலை நடந்தது ரேடியோவில்.

அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. கணவருக்கு வனத்துறையின் மரக்கிடங்கில் வேலை. நான் பிறந்தது தூத்துக்குடியை ஒட்டிய கடற்கரையில். கடலைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பில்தான் கப்பல் ஏறினேன். பாராடாங்கில் பார்த்த கடலோ கடல் மாதிரியே இல்லை. சேற்றுக்குள் வேரூன்றி நின்ற சதுப்பு மரங்களுக்கு நடுவே பச்சை நிறத்தில் மெல்ல நுழைந்து, அசையாமல் கிடந்தது. கிரீக் என்றார்கள். எங்கள் ஊர்க் கடல் ஓயாமல் பேசும். இது வாயே திறக்கவில்லை. முதல் சில மாதங்கள் எனக்கும் பேச ஆளில்லை. சுற்றிலும் வங்காளிகள், தெலுங்கர்கள், ராஞ்சிக்காரர்கள். எல்லோருக்கும் பொதுவாக ஓர் இந்தி இருந்தது. அது எனக்கு வரவில்லை.

தீவில் சீக்கிரம் இருட்டிவிடும். மெயின்லேண்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டுத் தெருவில் விளையாடும் நேரத்தில் இங்கே விளக்கு ஏற்றியாக வேண்டும். அந்த நீண்ட மாலைகளுக்குத் துணையாக என்னிடம் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. என் கல்யாணத்துக்கு அண்ணன் கொடுத்தது. அதற்குப் பேட்டரி செல் வேண்டுமென்றால் போர்ட் பிளேயரிலிருந்து போட்டில் வர வேண்டும். அதனால் செய்தி கிடையாது, பாட்டும் கொஞ்சம்தான். ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டும் கட்டாயம் திறப்பேன். கொழும்புப் பக்கமிருந்து சிற்றலையில் தமிழில் ஒரு துப்பறியும் நாடகம் வரும். ஒரு கதை பல வாரங்கள் ஓடும். ஊரிலும் கேட்டதுதான். அங்கே அது அடுத்த வீட்டிலிருந்து பேசுவதுபோல் தெளிவாக விழும். இங்கே அலை அலையாக வந்தது. நெருங்கி வந்து காதுக்குள் பேசிவிட்டு, பின்வாங்கிப் போய்த் தூரத்தில் முணுமுணுக்கும்.

அப்படி ஒரு ஞாயிறு, நாடகத்தில் ஒரு பெண் வீறிட்டு அலறினாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு படாரென்று திறந்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ரேஞ்சரின் மனைவி, ஒரு கையில் அரிக்கேன் விளக்கும் மறு கையில் விறகுக் கட்டையுமாக நின்றாள்.

"க்யா ஹுவா? கௌன் ஹை?"

என்ன ஆயிற்று, யார் என்கிறாள் என்பதுவரை புரிந்தது. நான் ரேடியோவைக் காட்டினேன். அவள் ரேடியோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், விறகைக் கீழே போட்டாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். பலகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கேட்டாள்:

"கௌன் மரா?"

செத்தது யார்? அன்றிலிருந்து அவள் எனக்குத் தீதி, வங்காளியில் அக்கா.

தீதி கிழக்கு வங்காளத்திலிருந்து சிறுமியாகக் கப்பலில் வந்தவள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். அவளிடம் ஒரு தகரப் பெட்டி நிறைய வங்காளித் துப்பறியும் நாவல்கள் இருந்தன. திரும்பத் திரும்பப் படித்து அட்டை போனவை. இப்போது தமிழ்க் கொலையும் வேண்டும் என்றாள். சொல்ல வேண்டியவள் நான். எனக்குத் தெரிந்த இந்தி அரிசி, உப்பு, மழை, வந்தான், போனான். இதை வைத்துக்கொண்டு ஒரு கொலையை எப்படிச் சொல்வது? டம்ளரை எடுத்துக் குடிப்பதுபோல் பாவனை செய்து, தொண்டையைப் பிடித்துக்கொண்டு பாயில் விழுந்து காட்டினேன். தீதி சிரித்தபடி, "ஜெஹர்!" என்றாள். இந்தியில் விஷத்துக்கு என்ன சொல் என்பதை நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். சந்தேகம், சாட்சி, பொய், கைரேகை என்று வாரத்துக்கு ஒன்றிரண்டு சொற்கள் சேர்ந்தன. கடையில் பருப்பு வாங்கத் தெரிவதற்கு முன்பே ஒருவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு இந்தி வந்துவிட்டது.

தீதி லேசில் திருப்தி அடைய மாட்டாள். செத்துப்போனவன் இல்லாததை அந்த வீடு உணர வேண்டும், இல்லையென்றால் அவன் செத்தால் என்ன, இருந்தால் என்ன என்பாள். துப்பறிகிறவனுக்கு முதல் நாளே எல்லாம் தெரிந்திருக்கக் கூடாது என்பாள். ஒரு கதையின் கடைசி வாரத்தில், அதுவரை பேச்சே இல்லாத இரட்டைச் சகோதரன் ஒருவன் திடீரென்று வந்து குதித்தான். நான் கைகளால் எப்படியோ அதை விளக்கி முடித்ததும், "தோக்கா!" என்று எழுந்துவிட்டாள். மோசடியாம். குடித்துக்கொண்டிருந்த சாயாவைக்கூட முடிக்காமல் போனாள். அந்த மோசடியைச் செய்தது நான்தான் என்பதுபோல் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதற்கடுத்த மழைக்காலத்தில் ஒரு புதுக் கதை வந்தது. சின்ன ஊர். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் காணவில்லை. வீட்டில் மனைவி மட்டும். ஓர் இன்ஸ்பெக்டர் வந்து வந்து விசாரிக்கிறார். முதல் வாரங்கள் சுமார்தான். சந்தேகப்பட ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்: கடன்காரன், தம்பி, ஒரு வக்கீல். தீதி கொட்டாவி விட்டாள்.

பிறகு அந்த ஒரு வாரம் வந்தது.

கணவர் உள்காட்டு முகாமுக்குப் போயிருந்தார். விடாத மழை. செல்களை வெயிலில் காயவைத்தால் இன்னும் கொஞ்சம் ஓடும். வெயிலைக் கண்டே பல நாளாகியிருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டுத்துண்டின் மேல் வைத்து லேசாகச் சூடு காட்டிப் போட்டேன். சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் வந்தது. தீதியும் நானும் ரேடியோவின் இரண்டு பக்கமும் தலையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டோம். நெற்றிகள் ஏறக்குறைய முட்டிக்கொண்டிருந்தன.

அந்த வாரத்தில் எதுவும் நடக்கவில்லை. இன்ஸ்பெக்டர் சாப்பாட்டு நேரத்தில் அந்த வீட்டுக்கு வருகிறார். "அவங்க இப்ப வந்துடுவாங்க. சாப்பாட்டு நேரத்துக்கு எங்கிருந்தாலும் வந்துடுவாங்க" என்கிறாள் மனைவி. "அப்ப நான் காத்திருக்கிறேன்" என்கிறார் அவர். "இருங்க" என்கிறாள். அவ்வளவுதான். மற்றதெல்லாம் சும்மா பேச்சு. மழை பெய்யாதது பற்றி, முற்றத்தில் முல்லை பூக்காதது பற்றி, வாத்தியார் பிள்ளைகளை அடிக்கவே மாட்டார் என்பது பற்றி. பேச்சுக்கு நடுவே அடுக்களை ஓசைகள். குடத்திலிருந்து தண்ணீர் சாய்வது. சட்டியில் அகப்பை உரசுவது. தட்டு தரையில் படுவது. பின்னணி இசையே இல்லை. கதையில் மழையில்லாத ஊர். எங்கள் தகரக் கூரையில் பெய்த மழையோ அந்த வீட்டுக்குள்ளும் பெய்தது. அவள் பேசுவது எங்கே முடிகிறது, மழை எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் எந்த அறையில் படுத்திருக்கிறேன் என்பதே மறந்துபோனது. அந்தக் குரல் விலகிப் போகும்போதெல்லாம், அவள் அடுக்களைக்குள் எதையோ எடுக்கப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று தோன்றியது. வந்துவிடவும் செய்தாள்.

வழக்கமாக இடையிடையே நான் தீதிக்கு மொழிபெயர்ப்பேன். அன்று ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. பாதியில் நினைவு வந்து வாயைத் திறந்தபோது, அவள் கையைத் தூக்கித் தடுத்துவிட்டாள்.

நாடகம் முடிந்தது. ரேடியோவை அணைத்தேன். தீதி எழுந்து உட்கார்ந்தாள்.

"அவள்தான் கொன்றிருக்கிறாள்" என்றாள் இந்தியில்.

"உனக்கெப்படித் தெரியும்? நான்தான் ஒன்றுமே சொல்லவில்லையே!"

"ஏக் தாலி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னையறியாமல் கை கழுத்துக்குப் போனது. இந்தியில் தாலி என்றால் சாப்பிடும் தட்டு என்பது தெரிந்ததுதான். இருந்தாலும் அந்த நேரத்தில் மனசு தமிழில் இருந்தது. தீதி தரையில் உள்ளங்கையை வைத்துக் காட்டினாள். ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு வைத்த சத்தம்தான் கேட்டது.

"போலீஸ்காரனிடம் அவள் என்ன சொன்னாள்?"

"புருஷன் இப்போது சாப்பிட வந்துவிடுவான் என்று."

"அப்படியானால் அவன் தட்டு எங்கே?"

எனக்கு எல்லாச் சொற்களும் கேட்டிருந்தன. அதனால் தட்டு கேட்கவில்லை.

தீதி உடனே எழுந்து போகவில்லை. மழை கொஞ்சம் தணியட்டும் என்றாள். அப்புறம் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னாள். ஊரில் கலவரம் வந்தபோது பக்கத்துக் கிராமத்துக்குப் போன அண்ணன் திரும்பவில்லை. யாரும் எதையும் பார்க்கவில்லை. அம்மா ஒவ்வொரு வேளையும் அவனுக்கும் தட்டு வைத்தாள். ஆற்றைத் தாண்டி, கல்கத்தாவில் அகதிகள் முகாமில் இருந்தபோதும் வைத்தாள். அங்கே தட்டுக்குத் தட்டுப்பாடு. ஒரே தட்டில் இரண்டு பேர் சாப்பிட்ட நாட்களிலும் அவனுடையதை ஒதுக்கி வைத்தாள். தீவுக்கு வந்து, காட்டை வெட்டிக் குடிசை போட்ட பிறகும் வைத்தாள்.

"அவன் வரமாட்டான் என்று என் அம்மாவுக்கும் தெரியாமலா இருக்கும்?" என்றாள் தீதி. "தெரிந்தும் வைத்தாள். ஒரு நாள் வைக்காமல் விட்டுவிட்டால், தானே அவனைக் கொன்றதுபோல் ஆகிவிடும் என்று அவளுக்கு. ரேடியோவில் இருக்கிறாளே, அவளுக்கு அந்தப் பயம் இல்லை. அவளுக்கு அது முடிந்துபோன விஷயம்."

அழவில்லை. என் அடுப்பிலிருந்த சாயாவை ஊற்றிக் குடித்துவிட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வாரம் முழுவதும் நான் ஒரு மாதிரி மிதந்துகொண்டிருந்தேன். பாத்திரம் கழுவும்போது ஒவ்வொரு தட்டையும் தரையில் வைத்து வைத்துக் கேட்டேன். தண்ணீர் எடுக்கப் போனால் கிரீக் மேல் பனிமூட்டம் மாதிரி மழைப்புகை நிற்கும். அதற்குள் ஒரு வீடு இருப்பதாகவும், அதில் அவள் உட்கார்ந்து ஒற்றைத் தட்டில் நிதானமாகச் சாப்பிடுவதாகவும் தோன்றும். பயமாக இல்லை. போய்ப் பக்கத்தில் உட்காரலாம்போல் இருந்தது.

கணவர் முகாமிலிருந்து வந்ததும் சொன்னேன். காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஏட்டி, அது என்ன பெரிய ரகசியமா? ரேடியோக்காரன் கையில ஒரு தட்டுதான் இருந்திருக்கும். அதைத் தூக்கி வச்சுருப்பான்."

"அப்படின்னா அவளுக்காவது ரெண்டு தட்டு வைக்கணும்னு ஏன் தோணல?"

"எவளுக்கு?"

"கொன்னவளுக்கு."

"சரிதான். உங்க ரெண்டு பேருக்கும் மழையில புத்தி ஊறிப்போச்சு" என்று குளிக்கப் போய்விட்டார்.

கடைசி வாரத்துக்கு அவரும் எங்களோடு உட்கார்ந்தார். கொன்றது மனைவிதான். ஆனால் இன்ஸ்பெக்டர் அதைக் கண்டுபிடித்தது மண்வெட்டியில் ஒட்டியிருந்த செம்மண்ணை வைத்து. தட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் ஏமாற்றத்தோடு தீதியைப் பார்த்தேன். இரட்டைச் சகோதரனுக்குக் கோபப்பட்டதுபோல் இதற்கும் எழுந்து போவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள்.

"எழுதினவனுக்குத் தெரியாது. தட்டு வைத்தவனுக்குத் தெரியும்" என்றாள்.

"இல்லன்னா அவனுக்கும் தெரியாது" என்றார் கணவர்.

"அவனுக்கும் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது" என்றாள் தீதி. நான் மொழிபெயர்க்காமலே இருவரும் பேசிக்கொண்டார்கள்.

பின்னாளில் நாங்கள் போர்ட் பிளேயருக்கு மாறி, ஷாதிபூரில் வீடு கட்டி, அந்த வீட்டுக்கு டி.வி.யும் வந்தது. பிள்ளைகள் துப்பறியும் தொடர்களை விடாமல் பார்ப்பார்கள். துப்பாக்கியும் துரத்தலுமாக ஓடும் வாரங்களை விட்டு நான் எழுந்து போய்விடுவேன். யாரோ ஒருவர் வீட்டுக்குள் உட்கார்ந்து வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும் வாரம் வந்தால் என் கை வேலை நின்றுவிடும். "அம்மா, இதுல ஒண்ணுமே நடக்கலயே, இதைப் போய்ப் பாக்குதியே" என்பான் பெரியவன். ஒரு தொடர் முழுவதிலும் அப்படி ஒரு வாரம் வாய்த்தாலே அதிகம். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வாரங்கள் எனக்கு மறந்துவிடும். குற்றவாளி யாரென்பதுகூட மறந்துவிடும். அந்த ஒரு வாரத்தின் வெளிச்சமும் அந்த ஆட்கள் மூச்சு விட்ட விதமும் மட்டும் தங்கும், நாமே போயிருந்து பார்த்த வீடு மாதிரி.

தீதி எங்களோடு அதிக காலம் இருக்கவில்லை. அந்த மழைக்காலம் முடிந்த கையோடு ரேஞ்சருக்கு வடக்கே மாயாபந்தருக்கு மாற்றல் வந்தது. போட் ஏறும் ஜெட்டியில் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லைச் சொன்னாள்: "கொலைகாரி." போட்டில் ஏறியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை நாடகம் வரும் நேரத்துக்கு நான் ரேடியோவைத் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறும் திறக்கவில்லை.

ஒரு வருஷம் போனபின் மர வேலையாக மாயாபந்தர் போன கணவர், ரேஞ்சர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

"அந்தம்மா ரேடியோ வாங்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆச்சுன்னா தமிழ் நாடகம்தான். ரேஞ்சர் சாப் தலையில அடிச்சுக்கிடுதாரு."

"யாரு அர்த்தம் சொல்லிக் கொடுக்கா?"

"ஒருத்தரும் இல்ல. சும்மாவே கேக்குதாங்க. உன்கிட்ட ஒண்ணு கேட்டு வரச் சொன்னாங்க. போன மாசம் ஒரு கதை ஓடுச்சாமே, அதுல கொன்னது டாக்டரா தம்பியான்னு. அவுங்களுக்கு டாக்டர் மேலதான் சந்தேகமாம்."

அந்தக் கதையை நானும் கேட்டிருந்தேன். ரேடியோவை மறுபடி திறக்க ஆரம்பித்து அப்போது கொஞ்ச நாள் ஆகியிருந்தது. துப்பறியும் நாடகத்தை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் குடும்பக் கதை ஒன்றைப் போட்டிருந்தார்கள். அண்ணன் தம்பி சண்டை, ஒரு கல்யாணம், நடுவில் காய்ச்சல் பார்க்க வந்து போகும் ஒரு டாக்டர். யாரும் யாரையும் கொல்லவில்லை.

அடுத்த மாதம் கணவர் மறுபடி மாயாபந்தர் கிளம்பினார். வாசல்வரை போனவரைக் கூப்பிட்டு, "டாக்டர்தான்னு சொல்லிருங்க" என்றேன்.